மடியும் இருக்கையும்

கச்சான் காற்று அனலாய் வீசும் ஆடி மாதத்தில், திருகோணமலை நகரத்து ஒழுங்கைகளில் விடியற்காலை நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் வான்கள் வந்து நிற்கும் ஓசை கேட்கும். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து இரவெல்லாம் ஓடிவந்த வான்கள் அவை. கதவு திறந்ததும் முதலில் வெளியே வருவது பெட்டியன்று, பெரியவருமல்லர். துவாயிற் சுற்றிய குழந்தையொன்றை உள்ளிருந்து யாரோ நீட்ட, வாசலில் நித்திரையின்றிக் காத்து நின்ற அம்மம்மா ஒருத்தி இரு கையாலும் வாங்கிக்கொள்வாள். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் சிட்னியிலும் பிறந்த பிள்ளைகள் தம் தாய் பிறந்த ஊருக்கு முதன்முதலாக வந்து சேரும் முறை இதுவே.

விடுமுறைக்கு வருகிறார்கள் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். மேனாட்டுப் பள்ளிக்கூடங்கள் அடைபடும் மாதங்களில் நமது கீழ்க்கரைக் கடலும் குளம்போல் அடங்கிக் கிடப்பது நல்லதொரு பொருத்தந்தான். நிலாவெளியில் நீராடலாம், கன்னியாவில் வெந்நீர் வார்க்கலாம், மாலையில் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் மான்களுக்குத் தீனி கொடுக்கலாம். ஆயினும் இப்பயணத்தின் உள்ளக்கிடக்கை வேறு. அம்மம்மாவுக்கு வயது 78. குழந்தைக்கு 8 மாதம். இந்த இரண்டு வயதும் ஒன்றையொன்று காண வேண்டும். காலம் கடந்தால் ஒன்று முதிர்ந்துவிடும், மற்றது மறைந்துவிடும். ஆகவே பச்சைக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு கடலையும் கண்டத்தையும் கடந்து வருகிறார்கள்.

நகைப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. நம் துறைமுகத்தின் கரையிலேயே, சீனன்குடாவில், ஒரு விமானத் தளம் இருக்கிறது. ஆங்கிலேயர் அமைத்த அத்தளத்தின்மீது 1942 ஏப்ரல் 9ஆம் நாள் சப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்ததை எங்கள் பாட்டன்மார் கண்ணாற் கண்டு கதை சொன்னார்கள். 1957இல் பிரித்தானியர் திருகோணமலைத் தளங்களை இலங்கையிடம் ஒப்படைத்துச் சென்றனர். 1947 டிசெம்பரில் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு முதற் சேவையைத் தொடங்கிய ஏர் சிலோன் நிறுவனம், பின்னாளில் தன் டக்கோட்டா விமானங்களைச் சீனன்குடாவுக்கும் அனுப்பியது. சிறுவனாயிருந்த நான் புகையிரதப் பாதையோரம் நின்று அவற்றை அண்ணாந்து பார்த்ததுண்டு. அந்த விமானங்களில் காற்றழுத்தத்தைச் சீர்செய்யும் ஏற்பாடு இல்லை. ஆதலால் அவை தாழப் பறந்தன. காதடைப்புக்கு மருந்தாக இனிப்பு வழங்குவது அக்காலத்து விமானப் பணிப்பெண்களின் வழக்கம். ஏர் சிலோன் 1978இல் முடிவுற்றது. சீனன்குடாத் தளம் இன்று விமானப்படையின் பயிற்சிக் கழகமாக விளங்குகிறது. உல்லாசப் பயணிகளின் சிறு விமானங்கள் அவ்வப்போது அங்கே இறங்குவதுண்டு. கனடாவிலிருந்து வரும் பேரப்பிள்ளைக்கோ, பறந்த வழி போக, இன்னும் ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தரைவழி கிடக்கிறது.

குழந்தைகள் இத்துறைக்குப் பலவாறு வந்திருக்கிறார்கள். 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை அடைபட்டபின், யாழ்ப்பாணத்துத் தாய்மார் கைக்குழந்தைகளுடன் கப்பலேறி இந்தத் துறைமுகத்தில் வந்திறங்கினர். அது விடுமுறையன்று. இன்னும் பின்னோக்கிப் பார்த்தால், உடலால் வராமலே வந்த பிள்ளை ஒருவரும் உண்டு. மூன்று வயதில் ஞானப்பால் உண்டவர் என நாம் போற்றும் திருஞானசம்பந்தர், கடல் கடவாமல், இராமேசுவரத்துக் கரையில் நின்றே கோணமலைப் பெருமானைப் பாடினார் என்பது மரபு. எங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு அவ்வகை ஆற்றல் வாய்க்கவில்லை. அவர்கள் பயணச்சீட்டு வாங்கித்தான் வரவேண்டியிருக்கிறது.

அந்தப் பயணச்சீட்டைப் பற்றித்தான் இக்கட்டுரை.

இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குச் சர்வதேச விமானங்களில் பெரும்பாலும் வளர்ந்தோர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கே அறவிடுவர். அதற்குப் பதிலாகக் குழந்தைக்கு இருக்கை கிடையாது. தாயின் மடியே இடம். இரண்டு வயது நிரம்பிய நாளிலிருந்து தனி இருக்கை கட்டாயம்; கட்டணமும் ஏறத்தாழ முக்காற் பங்காகிவிடும். ஆகவே நம்மவரிடையே சொல்லாமற் சொல்லும் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. 'இரண்டு வயதுக்கு முன்னே ஒருதரம் ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட வேண்டும்' என்பதே அது. இதில் குற்றங்காண நான் முன்வரவில்லை. மாதச் சம்பளத்தில் வீட்டுக்கடன் கட்டும் குடும்பத்துக்கு நான்கு சீட்டுக்கும் மூன்று சீட்டுக்கும் உள்ள வேறுபாடு, அவ்வாண்டு ஊருக்கு வருவதா வராமலிருப்பதா என்பதையே தீர்மானித்துவிடும்.

ஆயினும் மடி என்பது இருக்கையாகுமா? இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியது விமானத்திலன்று. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையே, நள்ளிரவில், தெருவின் நடுவில்.

ஏழாண்டுகளுக்கு முன் என் மூத்த மகள் இலண்டனிலிருந்து தன் முதற் பிள்ளையோடு வந்தாள். குழந்தைக்கு அப்போது பதினொரு மாதம். நானும் மனைவியும் கட்டுநாயக்காவுக்குப் போயிருந்தோம். பெட்டிகளோடு ஒரு பெரிய பிளாத்திக்குக் கதிரையும் தள்ளுவண்டியில் வந்தது. அங்கே தம் காரில் குழந்தையை அதிலே வைத்துத்தான் பட்டி கட்டுவார்களாம். மருமகன் அதை வானின் பின்னிருக்கையில் பொருத்த முனைந்தார். "இது ஏன் தம்பி இங்கே? அம்மம்மாவின் மடி இருக்கிறதே," என்று சொன்னவன் நான். மரியாதைக்கு அவர் மறுத்துப் பேசவில்லை. கதிரை பெட்டிகளுக்கு அடியிற் போயிற்று. ஹபரணை கழிந்தபின் யானையொன்று தெருவின் குறுக்கே வந்து நின்றது. சாரதி பிறேக்கை அழுத்தினார். மனைவி பிள்ளையை விட்டுவிடவில்லை; அணைத்தபடியேதான் இருந்தாள். ஆனால் அந்த அணைப்போடு சேர்ந்தே அவளும் முன்னால் போனாள். முன்னிருக்கையின் இரும்புச் சட்டம் குழந்தையின் இடப்புருவத்தைப் பிளந்தது. வழியிலுள்ள வைத்தியசாலையொன்றில் மூன்று தையல். இன்று எட்டு வயதாகும் பேத்தியின் புருவத்தில் அந்த வடு ஒரு வெள்ளை நூல்போல் இருக்கிறது. அவளுக்கு அதன் கதை தெரியாது. எனக்குத் தெரியும்.

அன்றுமுதல் இதுபற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கலானேன். நான் கணிதம் படிப்பித்தவன். நியூற்றனின் முதல் விதியைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதை என் மனைவியின் மடிக்குப் பொருத்திப் பார்க்க மட்டும் தவறிவிட்டேன்.

கணக்கு எளிது. புதிதாக வடிவமைக்கப்படும் பயணிகள் விமானங்களின் இருக்கைகள், முன்னோக்கிய திசையில் புவியீர்ப்பின் 16 மடங்கு விசையைத் தாங்கவேண்டுமென 1988இல் அமெரிக்க விதி வகுக்கப்பட்டது. அத்தகைய அதிர்ச்சியில் 9 கிலோ எடையுள்ள குழந்தை, பிடித்திருக்கும் கைக்கு 144 கிலோவாகிவிடும். கடையில் அடுக்கியிருக்கும் 50 கிலோ அரிசி மூடைகள் மூன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அவை கண்ணிமைக்கும் நேரத்தில் கைக்குள்ளிருந்து பாய்கின்றன. எந்தத் தாயின் கை அதைத் தடுக்கும்? அன்பு போதாதென்பதன்று, அன்பு அளக்கப்படும் அலகு வேறு, விசை அளக்கப்படும் அலகு வேறு. அந்த விமானத்தில் தாய்க்குப் பட்டியுண்டு. அவளுடைய கைப்பைக்குக்கூட முன்னிருக்கையின் அடியில் வைக்கவேண்டிய இடம் உண்டு. பட்டியும் இடமும் இல்லாத ஒரே பொருள் அவள் மடியிலிருக்கும் பிள்ளை.

1989 யூலை 19ஆம் நாள் டென்வரிலிருந்து சிக்காகோவுக்குப் பறந்த யுனைற்றெட் நிறுவனத்தின் 232ஆம் இலக்க விமானம், இயக்குங்கருவிகள் செயலிழந்து, சூ நகரில் விழுந்து உடைந்தது. அதில் 296 பேர் இருந்தனர். 112 பேர் மாண்டனர். மடிக் குழந்தைகளாகச் சென்றோர் நால்வர். விழுமுன் அக்குழந்தைகளைத் துணியாற் சுற்றிக் காலடியில் தரையிற் கிடத்திப் பிடிக்குமாறு தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுண் அறிவித்தார். அந்நாளில் கைநூல் அப்படித்தான் சொன்னது. நால்வரில் ஒரு குழந்தை மீளவில்லை. புகை சூழ்ந்த உடலத்துள் மீண்டும் நுழைந்து பிள்ளையைத் தேட முனைந்த தாய், வழியில் நின்ற ஜான் பிரவுணை எதிர்கொண்டாள். அந்த ஒரு சந்திப்புக்குப்பின், குழந்தைக்கும் இருக்கையும் பட்டியும் வேண்டுமென வாதிடுவதையே அப்பெண்மணி தம் பணியாகக் கொண்டார்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையும் 1990இல் அவ்வாறே பரிந்துரைத்தது. ஆயினும் சட்டம் வரவில்லை. ஏன் வரவில்லையென்பது சிந்திக்கத்தக்கது. அதிகாரிகள் கல்நெஞ்சர் என்று தள்ளிவிட முடியாது. 2005 ஆகஸ்டில் அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிருவாகம் சொன்ன காரணம் இது: குழந்தைக்கும் முழு இருக்கை வாங்கவேண்டுமெனக் கட்டாயப்படுத்தினால், பணமில்லாத குடும்பங்கள் விமானத்தை விட்டுக் காரிற் செல்லும், வீதி விமானத்தைவிடப் பன்மடங்கு ஆபத்தானது, ஆகவே விமானத்தில் ஓர் உயிரைக் காக்கப்போய் வீதியிற் பல உயிர்களை இழக்க நேரிடும். பிழையற்ற கணக்கு. நானும் ஆமோதிக்கிறேன்.

ஆனால் அது யாருடைய கணக்கு? டென்வரிலிருந்து சிக்காகோவுக்குக் காரிற் போகலாம். ரொறன்ரோவிலிருந்து திருகோணமலைக்குப் போக முடியாது. எங்கள் பிள்ளைகளுக்கு விமானத்துக்கு மாற்று வீதியன்று, வராமலிருப்பதே மாற்று. அதுமட்டுமன்று. அமெரிக்கக் குடும்பம் வானையும் வீதியையும் தராசின் இரு தட்டில் வைத்து ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். நமது குடும்பமோ முதலில் வானைக் கடந்து, பிறகு அந்த வீதியிலும் வந்தாகவேண்டும். பதினெட்டு மணி நேரம் பறந்து களைத்த பெற்றோர், உறக்கம் கண்ணைச் சொருகும் சாரதி, நள்ளிரவு, யானைக் காடு. அதே கணக்கை நேர்மையாகப் போட்டால், முழுப் பயணத்திலும் குழந்தை மடியில் இருக்கத் தகாத பகுதி குருநாகலுக்கும் கந்தளாய்க்கும் இடைப்பட்ட பகுதியே. விமானத்தைப் பற்றி ஆயிரம் கவலைப்படும் நாம் வானிலேறியதும் வீடு வந்துவிட்டதாக மூச்சுவிடுகிறோம்.

நாடுகளும் இதில் ஒருமித்த கருத்துடையனவல்ல. ஐரோப்பிய விமானங்களில் தாயின் பட்டியோடு கோத்துக் குழந்தையின் இடுப்பைச் சுற்றும் சிறு பட்டியொன்று தருவர். அமெரிக்க அதிகாரிகள் அதே பட்டியைத் தடைசெய்துள்ளனர். மோதலின்போது தாயின் உடற்பாரம் முழுவதும் குழந்தைமேல் மடிந்து விழுமென்பது அவர்கள் அச்சம். நடுவானிற் குலுங்கும்போது அப்பட்டி குழந்தையைப் பறந்துபோகாமல் தடுக்குமென்பது மறுதரப்பின் வாதம். இரண்டிலும் உண்மையுண்டு. 2024 மே 21ஆம் நாள் இலண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்த விமானம் மியன்மாருக்கு மேலே குலுங்கியதை வாசகர் மறந்திரார். ஈர்ப்பு விசை கணப்பொழுதில் தலைகீழாக மாறியது. நான்கு விநாடி சொச்சத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. பட்டி கட்டாதோர் கூரையில் மோதினர், ஒருவர் உயிரிழந்தார். அந்தச் சில விநாடியில் யாரும் யாரையும் எட்டிப் பிடித்திருக்க முடியாது.

முன்வரிசைச் சுவரில் மாட்டும் தொட்டிலைப் பற்றி நம் தாய்மார் பெரிதும் எண்ணிக்கொள்வதுண்டு. வீட்டில் ஏணை கட்டி வளர்த்தவர்களுக்கு அது ஏணைபோலத் தோன்றுகிறது. முன்பே கேட்டுப் பதிந்தால் கிடைக்கும். குழந்தை நிமிர்ந்து உட்காரத் தொடங்காதிருந்தால், நிறையும் விதித்த அளவுக்குள் இருந்தால், பெருந்துணைதான். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் பட்டி விளக்கு எரியும்போதெல்லாமும் உறங்கும் பிள்ளையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளவேண்டும். ஆக, ஆபத்து வரக்கூடிய வேளையில் தொட்டில் இல்லை. மற்றுமொன்று: மேலிருந்து விழும் ஒட்சிசன் முகமூடிகள் ஒரு வரிசைத் தொகுதிக்குப் பெரும்பாலும் ஒன்றே மிகுதியாக உண்டு. இரண்டு மடிக் குழந்தைகளை ஒரே தொகுதியில் உட்கார விடாமைக்குக் காரணம் இதுவே. அக்காளும் தங்கையும் கைக்குழந்தைகளோடு அருகருகே இருக்க விரும்பிப் பணிப்பெண்ணைக் கடிந்துகொள்வதிற் பயனில்லை.

இனி, காது. அழுகைக்குப் பாதிக் காரணம் அதுதான்.

விமானம் முப்பத்தைந்தாயிரம் அடியிற் பறந்தாலும் உள்ளேயுள்ள காற்று ஆறாயிரம் முதல் எண்ணாயிரம் அடி உயரத்து மலைக்காற்றைப்போல் வைக்கப்படுகிறது. நம் நாட்டுக் கணக்கிற் சொன்னால், நுவரெலியாவுக்கும் பிதுருதலாகலை உச்சிக்கும் இடைப்பட்ட உயரம். மலைநாட்டுக்குப் புகையிரதத்தில் ஏறினால் ஒருநாட் பொழுதாகும். விமானத்திலோ அரை மணிக்குள் ஏறி, முடிவில் அரை மணிக்குள் இறங்கிவிடுகிறோம். நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் சிறு குழல் திறந்தால் அழுத்தம் சமமாகும். குழந்தைக்கு அக்குழல் குறுகியது, கிடையாக அமைந்தது, எளிதில் திறவாது. ஏறும்போது காற்று தானே வெளியேறிவிடும். இறங்கும்போது உள்ளே நுழைய வழியின்றிச் செவிப்பறையை அமுக்கும். ஆதலால் நோவு மிகுதியும் இறக்கத்தில்தான். விழுங்கும்போது குழல் திறக்கும். தாய்ப்பாலோ போத்தற் பாலோ சூப்பியோ, எதுவானாலும் இறங்கத் தொடங்கும்போது வாயில் இருப்பது நன்று. பலர் செய்யும் தவறு, ஏறும்போதே முழுப்பாலையும் கொடுத்துவிட்டு, இறங்கும்போது உறங்கட்டுமென விட்டுவிடுவது. தரையிறங்க அரை மணி நேரமிருக்கும்போது மெல்ல எழுப்பிவிடுங்கள். எழுப்பியதும் அழுதால் அதுவும் வீணன்று. அழும்போதும் அக்குழல் திறக்கிறது. அக்குழந்தையை நோக்கி முகஞ்சுளிக்கும் பெரியவர்கள், அது தன் வைத்தியத்தைத் தானே செய்துகொள்கிறதென எண்ணிக்கொள்ளலாம். சளியோ காதுக்குத்தோ உள்ள பிள்ளையாயின், புறப்படுமுன் வைத்தியர் காதைப் பார்த்துவிடவேண்டும்.

காதில் எண்ணெய் விடுவது, பஞ்சை அடைப்பது முதலிய கைமுறைகளால் பயனில்லை. வசம்புக் கறுப்பும் கன்னத்துப் பொட்டும் இருக்கட்டும். அவை யாருக்கும் தீங்கு செய்யாதவை. தீங்கு செய்வது வேறொன்று. 'வழியெல்லாம் நித்திரை கொள்ளும்' என்று சளி மருந்தையோ ஒவ்வாமை மருந்தையோ கரண்டியில் அளந்து கொடுக்கும் பழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. அவ்வகை மருந்துகளில் ஒன்றான புரொமெதசீன், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மூச்சையே அடக்கிவிடக்கூடுமென அமெரிக்க மருந்து நிருவாகம் கடுமையாக எச்சரித்துள்ளது. உறங்கும் பிள்ளையைப் பார்த்துப் பயணிகள் மகிழலாம்; அந்த உறக்கம் எத்தன்மையது என்பதை இருட்டில் யார் அறிவார்?

உணவைப்பற்றி நீட்ட வேண்டியதில்லை. விமானக் காற்று மிக வறண்டது. வழக்கத்தைவிட அடிக்கடி குடிக்கக் கொடுத்தாற் போதும். நூறு மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவம் கூடாதென்ற விதி குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் விலக்களிக்கிறது. சோதனைக் கூடத்தில் எடுத்துக் காட்டிச் சொன்னாற் போதும்.

வந்து சேர்ந்தபின் வேறொரு திருவிளையாடல் தொடங்கும். கோடையில் இலண்டனுக்கும் நமக்கும் நாலரை மணி நேர வேறுபாடு, ரொறன்ரோவுக்கு ஒன்பதரை. ஆகவே ரொறன்ரோக் குழந்தைக்கு நமது நள்ளிரவு பிற்பகல் இரண்டரை. விளையாடும் வேளையல்லவா? வீடெல்லாம் விளக்கெரியும்; அம்மப்பா யானையாகிக் கூடத்தில் தவழ்வார்; பக்கத்து வீட்டார் சன்னலைச் சாத்துவர். ஒரு கிழமையில் சீராகிவிடும். அதை விரைவுபடுத்த வழியென்று நான் கண்டது, காலை வெயிலில் டச்சுக்குடாக் கடற்கரைக்குக் கூட்டிச் செல்வது ஒன்றே.

சென்ற ஆண்டு இளைய மகள் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். ஆடியில் வருவதாக முடிவு; ஆறு கிழமை தங்குவார்கள். பிள்ளைக்கு வரும்போது இருபத்துமூன்று மாதம். இங்கிருக்கும்போது இரண்டு வயது நிரம்பும். விதிப்படி வரும் வழியில் மடி, போகும் வழியில் இருக்கை. "போறதுக்கு எடுக்கத்தான் வேணும் அப்பா, வாறதுக்கும் எடுக்கிறதோ எண்டு யோசிக்கிறம்," என்றாள். பேத்தியின் நிறை பதினொரு கிலோ. ஆறு கிழமையில் அந்தப் பிள்ளையிடம் என்ன மாறிவிடும் என்று நான் கேட்டேன். அவள் சிரித்தாள். பிறகு, எடுத்தால் அடுத்த ஆண்டு வர முடியாமற் போகலாமென்று மெல்லச் சொன்னாள். அதற்கு என்னிடம் விடையில்லை. அருகில் நின்ற என் மனைவி, "பெத்த தாயின்ர மடியில இல்லாத காவல் அந்தக் கதிரையில வந்திடுமோ?" என்று கேட்டாள். கேட்டவள் உடனே வாயை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அவளுக்கும் நினைவிருந்தது.

இருக்கை எடுத்தார்கள். இடையில் வேறு யோசனைகளும் எழுந்தன. 10 முதல் 20 கிலோ வரையுள்ள பிள்ளைகளுக்கென, விமான இருக்கையின் முதுகைச் சுற்றிப் பூட்டும் தோட்பட்டியொன்று உண்டு, அமெரிக்காவில் 2006இல் ஒப்புதல் பெற்றது, கைப்பைக்குள் அடங்கிவிடும். ஆனால் அது விமானத்துக்கு மட்டுமே உரியது, வானில் உதவாது. காரில் வைக்கும் கதிரையோ, விமானத்திற் பயன்படுத்தலாமென்ற முத்திரை அதன் முதுகில் இருந்தால், இரண்டுக்கும் உதவும். பருத்தது, பாரமானது, சன்னலோரத்தில்தான் வைக்க விடுவார்கள், இடையிலுள்ள வளைகுடா நகரத்தில் விமானம் மாறும்போது தோளிற் சுமக்கவேண்டும். மருமகன் சுமந்தார்.

கட்டுநாயக்காவில் இம்முறை பெட்டிகளுக்கு முன்னே கதிரையை ஏற்றினோம். பட்டியை மூன்றுதரம் இழுத்துப் பார்த்தவன் நான். மனைவி பக்கத்தில் அமர்ந்தாள். தூக்கி வைத்திருக்க முடியாத குறைக்கு, வழிநெடுகப் பேத்தியின் ஒரு காலைக் கையிற் பிடித்திருந்தாள். பிள்ளை தம்புள்ளை வரை அழுதது, பிறகு உறங்கிவிட்டது. ஹபரணைக்கு அப்பால் யானை எதுவும் வரவில்லை. கந்தளாயில் தேநீருக்கு நிறுத்தியபோது விழித்துக்கொண்டு கையை நீட்டியது. அம்மம்மா பட்டியை அவிழ்த்து மடியிலெடுத்து, வான் மீண்டும் புறப்படும்வரை கடைவாசல் வாங்கிலில் வைத்திருந்தாள். சாரதி இரண்டாவது தேநீரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

வீட்டில் அந்தக் கதிரையை வைக்க இடமில்லாமல் விறாந்தையில் வைத்தோம். ஆறு கிழமைக்குள் பக்கத்து வீட்டுப் பூனை அதிற் படுத்துப் பழகிவிட்டது. புறப்படும் இரவில் பூனையைத் தூக்கி இறக்கிவிட்டு, ஈரத்துணியால் கதிரையைத் துடைத்து, வேறெந்தப் பெட்டியும் ஏறுமுன் அதை வானுக்குள் ஏற்றச் சொன்னவள் என் மனைவி.